ஊரைச் சொல்லி, பேரைச் சொல்லி

வடக்கில் இமயம் இருக்கத் தெற்கில் ஆய்குடி இல்லாது போயிருந்தால் இவ்வுலகம் தலைகீழாகப் புரண்டிருக்கும் என்கிறார் முடமோசியார், புறநானூற்றின் 132ஆம் பாட்டில். அந்த ஆய்குடி தென்காசிக்குப் பக்கத்திலுள்ள இன்றைய ஆய்க்குடிதான் என்பது இவ்வூராரின் நம்பிக்கை. அறிஞர்கள் வழக்காடிக்கொள்ளட்டும். வலிய வந்து வாய்க்கும் பெருமையை வேண்டாமென்று தள்ளும் அளவுக்கு நாம் துறவிகள் அல்லர்.

நாம் இங்கே பேசப் புகுந்தது ஆய் அண்டிரனைப் பற்றி அன்று. 2019இல் வெளிவந்த ‘தெருக்குரல்’ என்ற ராப் இசைத்தொகுப்பைப் பற்றி. அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு என்னும் இளைஞரின் முதல் தொகுப்பு அது, இசை ஆஃப்ரோ. இதற்கும் முடமோசியாருக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு இருக்கிறது. அப்புறப்பாட்டில் வள்ளலின் ஊர் இருக்கிறது, வள்ளலின் புகழ் இருக்கிறது. பாடியவர் பெயர் பாட்டுக்குள் இல்லை. பின்னால் வந்து தொகுத்தவர்கள் எழுதிவைத்த அடிக்குறிப்பால்தான் அவரை நாம் அறிகிறோம். அடிக்குறிப்புக்குக்கூடப் பெயர் கிட்டாதவர்களுக்கு அவர்களுடைய பாட்டிலிருந்தே ஒரு தொடரைப் பிய்த்துப் பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயனீராரை நாம் அப்படித்தான் அழைக்கிறோம். அவருக்குத் தாயும் தந்தையும் இட்ட பெயர் என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் சற்றுத் துயரமாகவே இருக்கிறது.

‘ராப் தமிழா?’ என்ற கேள்வி நம் நண்பர்கள் நடுவே அடிக்கடி எழுவது. இல்லை என்பவர்கள் தமிழ் கெட்டுவிட்டது என்பார்கள். ஆம் என்பவர்கள் உடனே அருணகிரிநாதரைக் கூப்பிடுவார்கள். திருப்புகழின் முடுகு இருக்கையில் நமக்கு அமெரிக்கா எதற்கு என்பார்கள். இரண்டும் பாதி உண்மை. தாளத்தைக் கடன் வாங்கும் வறுமை தமிழுக்கு இல்லைதான். ஆனால் ராப் என்பது வேகமாகப் பேசுவது மட்டும் அன்று. பாடுகிறவன் தன் பேரையும் தன் தெருவையும் பாட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தி, அதற்குத் தானே பொறுப்பேற்றுக்கொள்வதில்தான் அதன் உயிர் இருக்கிறது. இந்த இடத்தில் நம் மரபு என்ன சொல்கிறது என்று பார்ப்பதுதான் பொருத்தமாக இருக்கும்.

பக்திக் கவிகள் பெயரிட்டார்கள். சம்பந்தர் ஒவ்வொரு பதிகத்தின் கடைசியிலும் காழியையும் தம் பெயரையும் வைத்தார். அதற்குத் திருக்கடைக்காப்பு என்றே பெயர். ஆண்டாள் வில்லிபுத்தூரை வைத்தாள், நம்மாழ்வார் குருகூரை வைத்தார். எல்லாம் முடிவில் இடும் கையொப்பம். அதைத் தூக்கிப் பாட்டின் வாசலிலேயே வைத்த ஒருவர் நம் பக்கத்து ஊர்க்காரர். ஆய்க்குடியிலிருந்து கிழக்கே சுரண்டையைத் தாண்டினால் ஊற்றுமலைச் சீமை. அங்கிருந்து வடக்கே சங்கரன்கோவில் பக்கம் போனால் சென்னிகுளம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே பிறந்து, முப்பது வயதைத் தொடாமலே மறைந்த அண்ணாமலை ரெட்டியார் ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் அவைக்கவியாக இருந்தார். ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றபோது வழிநடைப் பாட்டாகப் பிறந்ததே காவடிச் சிந்து என்பர். அதன் முதற்பாட்டு எடுத்த எடுப்பில் புலவரின் ஊரைச் சொல்கிறது. அடுத்தபடி அவர் பேரைச் சொல்கிறது. அதற்குப் பிறகுதான் முருகன் வருகிறான். ஊரின் முடிவும் பேரின் முடிவும் ஒரே ஓசையில் பொருந்துகின்றன. இருபதுகளில் இருந்த ஓர் இளைஞன், ஜமீன் காவடியின் முன்னால், நான் இந்த ஊர்க்காரன், என் பேர் இது என்று தொடங்குகிறான். இதை ராப் என்று அழைப்பது காலமுரண். ஆனால் ராப் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த வாசல் அந்நியமாக இருக்காது.

இதே வட்டாரத்தின் இன்னொரு புகழ்பெற்ற நூலையும் இங்கே நினைக்க வேண்டும். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி. அதில் குறத்தி எங்கள் மலை என்று சொல்லிச் சொல்லி மலைவளம் பாடுகிறாள். அந்த ‘எங்கள்’ என்ற சொல்லில் மயங்காதவர் யார்? கவிராயருக்கு நாயக்க மன்னர் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். குறத்திகளில் எவளுக்காவது ஒரு குழி நிலம் கிடைத்ததா என்று கேட்டால் அது இலக்கியக் கேள்வி அன்று என்று நம்மைக் கடிந்துகொள்பவர்கள் உண்டு. கவிராயரைக் குறை சொல்வதற்காக நாம் இதைக் கேட்கவில்லை. மலையின் வாய்மொழியைக் கேட்டு எழுதியவர் பெயர் நின்றது, கேட்கக் கொடுத்தவள் பெயர் நிற்கவில்லை. இந்தக் கணக்கு நம் இலக்கியத்தில் பழையது. ‘தெருக்குரல்’ எந்தக் கணக்கைத் தீர்க்க வந்தது என்பதற்கு இது வேண்டும்.

ராப்பின் சொந்த ஊரிலும் இதே கதை உண்டு. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பையனான கூல் ஹெர்க் நடத்திய விருந்தைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். இசைத்தட்டைச் சுழற்றுபவர் ஒருவர், ஒலிவாங்கியைப் பிடித்துத் தன் பேரையும் நண்பர்கள் பேரையும் தெருவின் பேரையும் சந்தத்தில் கூவுபவர் ஒருவர். முதலில் அவ்வளவுதான். 1979இல் ‘ராப்பர்ஸ் டிலைட்’ வந்து உலகெங்கும் விற்றது. அதில் பாடிய மூவரில் ஒருவரான பிக் பேங்க் ஹேங்க், கிராண்ட்மாஸ்டர் கேஸ் என்பவர் எழுதிய வரிகளை எடுத்துப் பாடினார். எவ்வளவு அப்படியே எடுத்தார் என்றால், கேஸ் தன் மேடைப்பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொள்ளும் வரியையும் சேர்த்தே பாடிவிட்டார். இசைத்தட்டில் கேஸுக்கு நன்றியும் இல்லை, பங்கும் இல்லை. பாட்டுக்குள் மட்டும் அவர் பேர் வேறொருவர் வாயில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. களவாடியவனே உரியவனுக்குச் சாட்சி சொல்லும் இப்படியோர் விசித்திரம் நம் பாடபேத வரலாற்றிலும் அரிது.

தமிழுக்கு ராப் திரைப்படத்தின் வழியே வந்தது. 1994இல் ‘காதலன்’ படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் சுரேஷ் பீட்டர்ஸ் முதலானோர் பாடிய ‘பேட்டை ராப்’ பட்டிதொட்டியெங்கும் போனது. நல்ல பாட்டுதான், நாமும் ஆடியிருக்கிறோம். ஆயினும் அந்தப் பேட்டைக்குப் பேர் இல்லை, பாடியவருக்கும் பாட்டுக்குள் பேர் இல்லை. இருக்கவும் முடியாது. பின்னணிப் பாடல் என்ற ஏற்பாட்டில் குரல் ஒருவருடையது, வாய் இன்னொருவருடையது; பாத்திரத்தின் பேரைத் தவிர வேறு பேரைப் பாட்டு தாங்காது. தன் பேரில் நிற்பதையே இலக்கணமாகக் கொண்ட ஒரு கலை, பேரை வாசலில் கழற்றிவிட்டு வா என்னும் வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? வேகம் மிஞ்சும். ஆகவே தமிழில் ஒரு ராப் பாடகரின் முதல் தனித்தொகுப்பு என்பது தொழிலில் முதற்படி மட்டும் அன்று. அங்கேதான் அவர் முதன்முதலாகத் தம் வாயால் பாடுகிறார்.

அந்த முதல் வாய் மலேசியாவில் திறந்தது. 1990களில் ‘பொயட்டிக் அம்மோ’ குழுவில் பல மொழிகளில் ராப் பாடிவந்த யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோரோடு நட்சத்திரா என்ற பெயரில் சேர்ந்து 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பைக் கொண்டுவந்தார். அதே ஆண்டில் சிலம்பரசனின் ‘வல்லவன்’ படமும் வந்ததால் கடையில் ஒன்றைக் கேட்டு மற்றொன்றைப் பெற்றவர்கள் இருந்திருப்பார்கள். இத்தொகுப்பைத் தமிழகத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தது ‘மடை திறந்து’. 1980இல் பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா இசையமைத்து எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடிய பாட்டின் மேல் எழுப்பிய ராப் அது. மூலப்பாட்டு, இன்னும் யாரும் அறியாத ஓர் இசைக்கலைஞன் தன் பேர் விளங்கப்போகும் நாளைக் கனவு காண்பது. காட்சியில் இளையராஜாவே ஒரு கணம் தோன்றுகிறார். அந்தக் கனவுக்குள் மலேசியப் பையன்கள் தங்கள் பேரைச் சொல்லிக்கொண்டு நுழைந்தது தற்செயலாக நமக்குத் தோன்றவில்லை. தோட்டத்துக்குப் போனவர்களின் வழித்தோன்றல்கள் முதன்முதலாகத் தாய்த்தமிழகத்தின் காதில் தங்களை அறிமுகம் செய்துகொண்டார்கள். மறுஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பி பழைய பாட்டொன்றுக்கு ராப் பாடினார். திரைப்படம் அவரை நன்றாகவே வரவேற்றது. வரவேற்ற கையோடு வாயை வாடகைக்கு எடுத்துக்கொண்டது.

ஆங்கிலத்தில் பாடியதால் கணக்கில் சேர்ப்பதா என்று தயங்கினாலும், 2005இல் இலண்டனிலிருந்து வந்த மாயா அருள்பிரகாசத்தின் முதல் தொகுப்பை விட்டுவிட முடியாது. தந்தையின் இயக்கப்பெயரான ‘அருளர்’ என்பதையே அதற்குத் தலைப்பாக்கினார். இரண்டாவது தொகுப்புக்குத் தாயின் பெயர், ‘கலா’. கோயம்புத்தூர் ஆதியும் ஜீவாவும் 2012இல் வெளியிட்ட ‘ஹிப் ஹாப் தமிழன்’ தனி ஒருவரின் பேருக்குப் பதிலாக இனத்தின் பேரை மேலே தூக்கியது. கல்லூரி மாணவர்களிடம் அது பெற்ற செல்வாக்கு மிகப் பெரிது. ஆனால் தமிழன் என்ற சொல் எல்லாத் தெருவுக்கும் ஒரே அளவில் பொருந்துகிறதா என்று அது கேட்டுக்கொள்ளவில்லை என்பது நம் எண்ணம். சில ஆண்டுகளில் அவர்களும் திரையிசைக்குள் முழுமையாகப் போய்விட்டார்கள்.

அந்தக் கேள்வியோடு வந்தவர் அறிவு. பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறியது. கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த குழு. பெயரை அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்ற சொல்லாட்சியிலிருந்து எடுத்தார்கள். அறிவு அதில் பாட்டெழுதிப் பாடினார். மறுஆண்டு ‘தெருக்குரல்’. தலைப்பைக் கேட்டவுடன் திருக்குறளின் நிழல் விழுகிறது. ‘திரு’ இருந்த இடத்தில் தெரு, குறளின் இடத்தில் குரல். சில எழுத்துகள் மாறினால் உலகப் பொதுமறை ஊர்க்கோடித் தெருவுக்கு வந்துவிடுகிறது. சொல்விளையாட்டு என்று தள்ளிவிடலாம். ஆனால் ‘தெரு’ என்ற சொல்லை அடைமொழியோடு சொன்னால் அது சாதியின் முகவரியாகிவிடும் நாட்டில் இருக்கிறோம் என்பதை மறக்காமல் சொல்லிப் பார்க்க வேண்டும். தென்காசி வட்டாரத்தில் எந்த ஊரிலும் தெருவின் பேரைச் சொன்னால் போதும். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

தொகுப்பில் நாம் திரும்பத் திரும்பக் கேட்டவை இரண்டு. ‘ஆன்ட்டி இண்டியன்’ என்பது அப்போதைய தமிழக அரசியல் பேச்சில் எதிராளியின் மீது எறியப்பட்டுக்கொண்டிருந்த வசை. வசையையே தலைப்பாக ஏற்றுக்கொண்டு, நான் யார், என் முன்னோர் யார், இந்த மண்ணில் எனக்குள்ள பாத்தியதை என்ன என்று திருப்பிக் கேட்கிறது பாட்டு. கோபம் இருக்கிறது, கோபத்தைவிட விவரம் அதிகம் இருக்கிறது, அதுதான் அதன் வலிமை. இரண்டாவது ‘ஸ்னோலின்’. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான ஊர்வலத்தின் மீது நடந்த காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் இறந்த 13 பேரில் ஒருத்தி ஸ்னோலின். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த பெண். செய்தித்தாளில் பதின்மூன்று என்ற எண்ணாகச் சுருங்கக்கூடிய ஒரு மரணத்துக்கு அவள் பேரையே பாட்டின் பேராக வைத்தது மிகச் சரி. பழந்தமிழ்ப் போர்க்களத்தில் விழுந்தவனுக்கு நடுகல்லில் பீடும் பெயரும் எழுதுவார்கள்.

சந்தம் பற்றிச் சில சொல் சொல்லாமல் போனால் இலக்கிய வாசகர்கள் நம்மை மன்னிக்கமாட்டார்கள். ஆங்கில ராப்பின் ஒலியமைதி வரியின் முடிவில் பொருந்துவது. தமிழின் எதுகை வரியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் பொருந்துவது. ஆங்கில முறையை அப்படியே தமிழில் வைத்தால் ஓர் ஆபத்து உண்டு. தமிழ் வாக்கியம் வினைமுற்றில் முடியும். வினைமுற்றுகளுக்கு விகுதி பொது. வந்தான், நின்றான், சென்றான் என்று எவரும் நாள் முழுக்க இயைபு தொடுக்கலாம். காசு கொடுக்காமல் கிடைக்கும் இயைபு. தொடக்கக் காலத் தமிழ் ராப்பில் கணிசமான பகுதி இந்த இலவசச் சரக்கு. சிந்துக்காரர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால், வரியைச் சிறு துண்டுகளாக வெட்டி, நடுவில் பெயர்ச்சொல்லில் இயைபை வைத்து, வினையைத் தள்ளிப்போட்டார்கள். அறிவும் பெரும்பாலும் அதையே செய்கிறார். பெயர்களை அடுக்குகிறார், வினைமுற்றுக்காகக் காக்க வைக்கிறார், எதுகையையும் கைவிடுவதில்லை. அவர் காவடிச் சிந்தைப் பயின்று செய்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. தமிழில் உண்மையாகச் சந்தம் கட்டுகிறவன் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் இந்தத் துறையில் வந்துதான் கரையேற வேண்டியிருக்கிறது. குறை ஒன்றும் உண்டு. சில இடங்களில் சொல்ல வேண்டியது முடிந்த பிறகும் முழக்கம் ஓயவில்லை; மேடையில் எடுபடுவது தனியாகக் கேட்கும் இரவில் சற்று அலுக்கிறது. முதல் தொகுப்பில் இது குற்றம் அன்று.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இக்கட்டுரையை எழுத வைத்தது. 2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வெளியானது. சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடினார்கள், சொற்கள் அறிவினுடையவை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமின்றித் திரும்பிவந்த தம் பாட்டி வள்ளியம்மாளை அந்தப் பாட்டுக்குள் அவர் பேர் சொல்லியே வைத்தார். உலகமே பாடியது. அந்த ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் முகப்பில் தீயும், ‘நீயே ஒளி’ பாடிய ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். இரு பாட்டுகளிலும் சொல்லெழுதியவர் அறிவு. முகப்பில் அவர் இல்லை. பா.ரஞ்சித் இதை வெளிப்படையாகக் கேட்டார். பின்னர் அறிவின் படத்தோடு தனியே ஓர் இணைய முகப்பு வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு அவர் இல்லாமல் மேடையேறியது. தமக்கு யாரும் ஒரு மெட்டையோ ஒரு சொல்லையோ தந்ததில்லை என்ற பொருளில் அறிவு எழுதினார். பாட்டு கூட்டுழைப்பு என்றும், அறிவின் பங்கைத் தாங்கள் ஒருபோதும் குறைத்துச் சொன்னதில்லை என்றும் தீயும் சந்தோஷ் நாராயணனும் விளக்கமளித்தார்கள். 2024இல் சந்தோஷ் நாராயணனே இன்னொன்றையும் சொன்னார்: அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு அதுவரை வருமானமே வந்து சேரவில்லை என்று.

மெட்டு யாருடையது, ஏற்பாடு யாருடையது என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நாம் இல்லை. மூவரின் பங்கும் காதில் விழுகிறது. நமக்கு உறுத்துவது வேறு. ஒரு பாட்டின் பொருளே பேரிழந்தவர்களின் பேரைச் சொல்வதாக இருக்கும்போது, அதைக் கொண்டாடும் முகப்பு ஒன்றில் அதை எழுதியவரின் பேர் எப்படி அவ்வளவு எளிதாக நழுவியது? யாரும் திட்டமிட்டிருக்க வேண்டியதில்லை. குறத்தியின் பேரைக்கூட யாரும் திட்டமிட்டு அழித்ததாகத் தெரியவில்லை. கிராண்ட்மாஸ்டர் கேஸின் கதையிலும் பெரிய சதி ஒன்றும் இல்லை. கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஒரு பழக்கம், அவ்வளவே.

‘தெருக்குரல்’ நாளில் இவ்வளவையும் யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. அன்று அது சிறு வட்டத்துக்குள் பேசப்பட்ட ஒரு முதல் முயற்சி. ஐந்தாண்டு கழித்து, 2024இல், அறிவு ‘தி அம்பாஸா’ என்ற தம் குழுவோடு அடுத்த தொகுப்பைக் கொண்டுவந்தார். இம்முறை தலைப்பிலேயே பேரை வைத்துவிட்டார், தம் பேரை அன்று. தொகுப்பின் பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’.